ஜேசிபி வெச்சுப் புடுங்கின வேலி

2021 போகி அன்னைக்கு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, பிளாட்பாரத்துல உக்காந்திருந்த ஒரு அம்மாகிட்ட இருபது ரூபா குடுத்து ஒரு கட்டு காப்பு வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். காப்புன்னா என்னன்னு கேக்கற வெளியூர் மக்களுக்கு: வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் சேத்துக் கட்டின கொத்து. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கமெல்லாம் பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு வாசல், மாட்டுக் கொட்டாய், கிணத்து மேடு, டூவீலர்னு எல்லாத்துலயும் இதைச் சொருகி வெப்போம்.

அப்பத்தா அந்தக் கட்டை வாங்கி மோந்து பாத்துச்சு. (கண்ணுல பொரை. அப்போ ஆபரேஷன் பண்ணல. அதனால எதா இருந்தாலும் முதல்ல மூக்குதான்.)

"ஏஞ்சாமி, பூளப்பூவக் காசு குடுத்தா வாங்கியாந்தே?"

"ஆமா அப்பத்தா. இருவது ரூவா."

அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. வாசல்ல சொருகறதுக்குப் போயிருச்சு. ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்க மேட்டாங்காட்டு வேலி ஓரத்துல ஆவாரையும் பூளையும் யாரும் வெக்காம, யாரும் தண்ணி விடாம மானாவாரியா மொளைச்சுக் கெடந்தது. இப்ப அது இல்ல. ஏன் இல்லைன்னா, அந்த வேலியை ஜேசிபி வெச்சுப் புடுங்கி எறிஞ்ச மகராசன் நாந்தான். அவ்வ்வ்வ்...

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ராசிபுரத்துலேர்ந்து சேந்தமங்கலம் போற பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டாங்காடு. ஒரு வருஷம் சோளம், ஒரு வருஷம் குச்சிக்கிழங்கு, மழை ஏமாத்தினா ஒண்ணுமே இல்ல. வீடும் காட்டுக்குள்ளயேதான். அதைச் சுத்தி ரெண்டு பக்கம் கிளுவை வேலி, எங்க அப்பாரு காலத்துக்கும் முந்தினது. கிளுவை தெரியும்ல? வெயில் காலத்துல எல்லா இலையையும் கொட்டிட்டு வெறும் முள்ளும் குச்சியுமா செத்த மாதிரி நிக்கும், ஒரு மழை பேஞ்சா ரெண்டே நாள்ல பச்சையாயிரும். அந்தக் கிளுவை மேல பிரண்டை, கோவைக்கொடி, முடக்கத்தான், வேலிப்பருத்தி, சங்குப்பூ எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ஏறிப் பின்னிக்கிட்டு நிக்கும். நடுவுல ஒரு சூரை முள், ரெண்டு காரைச் செடி, ஒரு வெள்வேல மரம். சின்ன வயசுல நாங்க காரம்பழம் தின்னதும், கோவைப்பழம் தின்னு நாக்கு செவந்ததும், கவுதாரி முட்டையைத் தேடி முள் குத்தி அழுததும் அங்கதான். அப்பத்தாவுக்கு அது மெடிக்கல் ஷாப். சளின்னா வேலிக்குப் போவாங்க, மூட்டு வலின்னா வேலிக்குப் போவாங்க.

2018-ல திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜ்ல (அங்க கல் எறிஞ்சா காலேஜ் மேலதான் விழும், எதுன்னு கேக்காதீங்க) இன்ஜினியரிங் முடிச்சு பெங்களூர்ல பொட்டி தட்டப் போனேன். ஒரு வருஷம் சம்பளம் சேத்தவுடனே அறிவு ஜாஸ்தியாயிருச்சு. கணக்குப் போட்டேன். வேலி எட்டு அடி அகலத்துக்குப் பரவியிருக்கு, நீளம் முன்னூறு அடி. ரெண்டாயிரத்து நானூறு சதுர அடி. அஞ்சரை சென்ட்! ரோட்டோரம் சென்ட் என்ன விலை போகுதுன்னு உங்களுக்கே தெரியும். அதைச் சும்மா முள்ளுக்கு விட்டிருக்கோமே, இது என்ன மேனேஜ்மென்ட்டுன்னு அப்பாகிட்ட கேட்டேன்.

அப்பாவுக்கும் அது பிடிச்சிருந்தது. அவர் முப்பது வருஷம் நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில வெல்டிங் வேலை பாத்தவர். கம்பி வேலிக்கு இரும்பு ஆங்கிள் எல்லாம் அவரே அளந்து, வெட்டி, வெல்டு வெச்சு, ரெட் ஆக்ஸைடு அடிச்சு, ஒரு மாசம் ஞாயித்துக்கிழமைகூட உக்காராம செஞ்சார். 2019 ஆவணியில ஜேசிபி வந்துச்சு. காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிருச்சு. எத்தனை வருஷத்து வேலின்னு யாருக்கும் தெரியாது, ஆனா போறதுக்கு நாலு மணி நேரம். வாடகையை நாந்தான் ஜம்பமா குடுத்தேன்.

அன்னைக்கு அப்பத்தா ஒரு வார்த்தை பேசல. ஒரு கூடையை எடுத்துக்கிட்டு ஜேசிபி பின்னாடியே போயி, மண்ணுல விழுந்த பிரண்டைத் துண்டு, தூதுவளை வேரு, இன்னும் என்னென்னமோ பொறுக்கிட்டு வந்து ஓட்டை பிளாஸ்டிக் பக்கெட்டுல நட்டு வெச்சுச்சு. நான் அதை போட்டோ எடுத்து "பாட்டியின் பாசம்"னு பிரெண்ட்ஸுக்கு அனுப்பினேன். இப்ப நெனைச்சா என்னை நானே நாலு சாத்து சாத்தலாம்னு இருக்கு.

வேலி போன எடம் மொட்டையா இருந்துச்சுன்னு நர்சரியில போயி நாப்பது கோனோகார்பஸ் வாங்கிட்டு வந்து கம்பி ஓரமா வரிசையா நட்டேன். வேகமா வளரும், எப்பவும் பச்சையா இருக்கும், ஆடு கடிக்காதுன்னு நர்சரிக்காரர் சொன்னார். மூணுமே உண்மை. அந்த மூணாவது பாயின்டை மட்டும் நான் யோசிச்சிருக்கணும்.

2020 மார்ச்ல லாக்டவுன். லேப்டாப்போட ஊருக்கு வந்து சேந்தேன். திண்ணையில உக்காந்துதான் ஆணி புடுங்கறது. டேமேஜர் மீட்டிங்ல பேசறப்போ மைக்கை ம்யூட்ல போட்டுட்டு அந்தப் பச்சை வரிசையைப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நாள், ரெண்டு நாள், ஒரு வாரம். அப்பதான் கவனிச்சேன், அங்க ஒண்ணுமே நடக்கல. ஒரு ஓணான் இல்ல. ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் இல்ல. ஒரு இலையில ஒரு ஓட்டைகூட இல்ல. பிளாஸ்டிக் செடி மாதிரி அவ்ளோ சுத்தமா நிக்குது. இதை அப்பத்தாகிட்ட சொன்னப்போ வந்த பதில்: "வேலின்னா நாலு உசுரு வந்து போவோணும் சாமி. நீ வெச்சது செவுரு."

(அப்புறம் 2023-ல குஜராத் அரசாங்கம் இந்தக் கோனோகார்பஸை நடக்கூடாதுன்னே தடை போட்டுச்சு. நான் அதுக்கு முந்தியே வெட்டிட்டேன்னு பெருமையா சொல்லிக்கலாம்தான். ஆனா நட்டதும் நானாச்சே.)

ராத்திரி தூக்கம் வராம இதைப்பத்தித் தேடிப் படிக்கறப்போதான் டக்ளஸ் டாலமின்னு ஒரு அமெரிக்கப் பூச்சியியல் புரொபசர் மாட்டினார். டெலவேர் பல்கலைக்கழகத்துக்காரர். 2007-ல வீட்டுத் தோட்டத்துல உள்ளூர்ச் செடி வெக்கறதைப் பத்தி ஒரு புத்தகம் எழுதி, அங்க நெறைய பேரோட புல்வெளிப் பெருமையைக் கெடுத்தவர். அவர் சொல்ற விஷயம் ரொம்ப எளிமை. பறவை வேணும்னா பழ மரம் வெச்சாப் பத்தாது, புழு வேணும். தானியம் தின்னற குருவிகூட குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் ஊட்டும். அங்க சிக்கடீன்னு நம்ம சிட்டுக்குருவியைவிடச் சின்னதா ஒரு குருவி. அது ஒரு ஈடு குஞ்சை வளத்துப் பறக்க விடறதுக்கு 6,000-லேர்ந்து 9,000 புழு வேணுமாம்! அந்தப் புழுவெல்லாம் கண்ட செடியையும் தின்னாது. ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்கான வருஷமாப் பழகின சில செடிகளை மட்டும்தான் தின்னும். அதனால வெளிநாட்டு அழகுச் செடி எவ்வளவு பச்சையா இருந்தாலும் அதுகளுக்கு அது காலித் தட்டுதான். 2018-ல அவரோட மாணவி டிசிரே நரங்கோவும் மத்தவங்களும் வாஷிங்டன் சுத்துவட்டாரத்துல வீட்டுத் தோட்டங்களை அளந்து பாத்தாங்க. உள்ளூர்ச் செடி 70 சதவீதத்துக்குக் கீழ போன தோட்டங்கள்ல அந்தக் குருவி தன் எண்ணிக்கையைத் தக்க வெக்க முடியல.

அடப்பாவி, அப்பத்தா ஒரே வரியில சொன்னதைத்தான் இவங்க டேட்டா வெச்சு சொல்லிருக்காங்க!

சரி, புழு வளக்கலாம்னு முடிவு பண்ணேன். முதல் போர் அம்மாவோட. கறிவேப்பிலைச் செடியில பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா என்னவோ ஒட்டியிருந்துச்சு. தொட்டா நகருது. எலுமிச்சை அழகி பட்டாம்பூச்சியோட புழு அது. சின்னதா இருக்கறப்போ எச்சம் மாதிரி வேஷம் போடும், பெருசானா பச்சையாயிரும், குச்சியால சீண்டினா தலைக்குப் பின்னாடி கொம்பு மாதிரி ஒண்ணை நீட்டி நாத்தம் அடிக்க வெக்கும். அம்மா அதைப் பாத்துட்டு வேப்பெண்ணெய் பம்பை எடுத்துக்கிட்டு வர, நான் குறுக்க நிக்க... "ரசத்துக்கு நாலு எலை கெடையாது, புழுவுக்கு விருந்தா?"ன்னு ஒரே சத்தம். கடைசியில சமாதான ஒப்பந்தம்: வாசல் கறிவேப்பிலை அம்மாவுக்கு, கொல்லையில ரெண்டு கன்னு புழுவுக்கு. அம்மா செடியில இருக்கற புழுவை நானே எடுத்துக் கொல்லைக்கு மாத்தணும். இன்னைக்கு வரைக்கும் அந்த டிரான்ஸ்பர் வேலையைப் பாத்துட்டிருக்கேன், சம்பளம் இல்லாம.

இப்படித்தான் ஒவ்வொண்ணா தெரிய வந்துச்சு. எருக்கு தானா மொளைச்சா விடு, அதுல வெந்தய வரியன் முட்டை வெக்கும். அந்தப் பாலுல இருக்கற விஷத்தைப் புழு தன் உடம்புலயே சேத்து வெச்சுக்கும், ஒரு தடவை கொத்தின பறவை மறுபடி கிட்ட வராது. வேலிப்பருத்தியும் அதுக்குச் சாப்பாடுதான். ஆவாரை வெச்சா மஞ்சள் மஞ்சளா சின்னப் பட்டாம்பூச்சி. (தெலங்கானாவுக்கு மாநிலப் பூவே ஆவாரம்பூதான் தெரியுமோ? நாம அதை பிளாட்பாரத்துல கட்டு இருவது ரூவாய்க்கு வாங்கிட்டிருக்கோம்.) சங்கஞ்செடி, ஆதொண்டைன்னு முள்ளு முள்ளா யாருக்கும் ஆகாத செடிக்கெல்லாம் தனித்தனியா கஸ்டமர் இருக்காங்க. பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி பயிர் பண்றவங்களைக் கேட்டா வேற கதை வரும். அந்த அரளி இலையைத் தின்னு வளர்ற ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சியோட கூட்டுப்புழு கம்மல் மாதிரி பளபளன்னு தொங்கும். நமக்கு அழகு, பூ வித்துப் பொழைக்கறவருக்கு நஷ்டம். ரெண்டுமே நெசந்தான்.

விதையெல்லாம் சுலபமா கெடைச்சுது. அப்பத்தாவோட ஓட்டை பக்கெட்டுலேர்ந்தே பிரண்டையும் தூதுவளையும் வந்துருச்சு. அந்த பக்கெட்டுல கோவைக்கொடியும் ஒண்ணு இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல. ஆனா கிளுவை? அது இல்லாம இதெல்லாம் எது மேல ஏறும்?

வண்டியை எடுத்துக்கிட்டு அக்கம்பக்கம் சுத்தினப்போதான் ஒரைச்சுது. நான் மட்டும் புடுங்கல, ஊரே புடுங்கியிருக்கு. எங்க பாத்தாலும் கல்லுக்கால், முள்கம்பி, செயின்லிங்க், இல்ல பிளாட் போட்டு நம்பர் கல்லு. சேந்தமங்கலம் பக்கம் ஒரே ஒரு தோட்டத்துல ஆள் உசரத்துக்கு மேல, உள்ள என்ன இருக்குன்னே தெரியாத அளவுக்கு ஒரு கிளுவை வேலி. உள்ள இருந்து ஒரு தாத்தா எட்டிப் பாத்தார்.

"ஏனுங் தாத்தா, கொஞ்சம் கிளுவைப் போத்து வேணுமுங்க."

"எதுக்குத் தம்பி, எரிக்கவா?"

"இல்லீங்க, நடறதுக்கு."

அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே! "எல்லாரும் வேலியப் புடுங்கறதுக்கு வண்டி நம்பர் கேட்டு வருவாங்க. நடறதுக்குன்னு வந்தது நீதான் தம்பி"ன்னுட்டு அருவாளை எடுத்துட்டு வந்தார்.

அறுவது போத்து. கொண்டு வந்து அன்னைக்கே நட்டு, டிரிப் போட்டு, டைமர் வெச்சு, தினம் காலையில பத்து நிமிஷம் தண்ணி. பக்கா ஆட்டோமேஷன். மூணு வாரத்துல அறுவதும் அடியில அழுகிப் போச்சு. ஒண்ணுகூட மிச்சமில்ல. தாத்தாகிட்ட மறுபடி போயி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னேன். "கிளுவைக்குத் தண்ணி விட்டவன நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்"னார். வெட்டின போத்தை நெழல்ல ஒரு வாரம் போட்டு வெட்டுவாய் காயணும், கோடை மழைக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு அடி ஆழத்துக்கு எறக்கி மண்ணை மிதிச்சு விடணும், அப்புறம் மறந்துடணும். அவ்வளவுதான். 2022 சித்திரையில அப்படியே செஞ்சேன். அறுவதுல நாப்பத்தஞ்சு தழைஞ்சுது. மறந்துடணும்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, தினமும் போயி ஆட்டிப் பாத்துட்டுத்தான் இருந்தேன்.

அப்பாவோட கம்பி வேலியை நான் எடுக்கல. எடுக்கணும்னு கேக்கவே மனசு வரல, அந்த ஒவ்வொரு வெல்டுலயும் அவரு ஞாயித்துக்கிழமை இருக்கு. கம்பிக்கு உள்பக்கமா மூணடி தள்ளித்தான் கிளுவை.

பிரிட்டன்லயும் இதே கதை நடந்திருக்கு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம், பெரிய டிராக்டர் ஓட்ட வசதியா இருக்கட்டும்னு உயிர்வேலியைப் புடுங்கறதுக்கு அங்க அரசாங்கமே மானியம் குடுத்துச்சு. அப்புறம் மேக்ஸ் ஹூப்பர்னு ஒரு ஆராய்ச்சியாளர் வேலிகளை எண்ண ஆரம்பிச்சார். முப்பது கஜ நீளத்துல எத்தனை வகை மரமும் புதரும் இருக்கோ, தோராயமா அத்தனை நூறு வருஷம் அந்த வேலிக்கு வயசுன்னு ஒரு கணக்கு சொன்னார். 1997-ல இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் பழைய வேலியை அனுமதி இல்லாமப் புடுங்கக்கூடாதுன்னு சட்டமே வந்துச்சு. அவரு கணக்கு அந்த ஊருக்குத்தான் பொருந்தும், நம்ம மண்ணுக்குப் பொருந்தாது. இருந்தாலும் ஆசைக்குத் தாத்தா வேலியில முப்பது கஜம் நடந்து எண்ணினேன். கொடியை விட்டுட்டு, கட்டைச் செடி மட்டும் பதினொண்ணு. என் பேரைக் கேட்டா ஆயிரத்து நூறு வருஷம்னு கல்வெட்டே வெச்சிருவேன் :-)

இதுவரைக்கும் படிச்சுட்டு "நல்லாருக்கே, நானும் வெக்கறேன்"னு கெளம்பற மக்களே, கொஞ்சம் நில்லுங்க. அடுத்தது பாம்பு.

2023 ஐப்பசி. அக்கா தீபாவளிக்கு வந்திருந்தா. அக்கா பொண்ணுக்கு நாலு வயசு. "மாமா, பூச்சி காட்டு"ன்னு என் பின்னாடியே சுத்தும். மீட்டிங் முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டு உள்ள போனேன். அது தனியாவே கொல்லைக்குப் போயிருச்சு. அஞ்சு நிமிஷத்துல அக்கா போட்ட அலறல்ல ஹெட்செட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடினேன். குழந்தை வெறும் காலோட நிக்குது, பத்தடி தள்ளி புல்லுல ஒரு நீளமான பாம்பு போய்ட்டிருக்கு. சாரை. விஷம் கெடையாது, எலி பிடிக்கறதுக்கு வந்திருக்கும். எனக்கு அது தெரியும். ஆனா அந்த ஒரு நிமிஷம், கண்ணாடி விரியனா இருந்திருந்தாங்கற நெனைப்பு வந்துச்சு பாருங்க, அது இன்னும் போகல.

அப்பா ஒண்ணும் சொல்லாம மம்பட்டியை எடுத்தார். சாயங்காலத்துக்குள்ள பாதி கொல்லை வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. ஆவாரை, தும்பை, துத்தி, எருக்கு, புழுவுக்குன்னு வெச்ச கறிவேப்பிலை ரெண்டும். நான் தடுக்கப் போனப்போ ஒரே கேள்வி கேட்டார்.

"உனக்குப் பூச்சி வேணும். எனக்கு இவ வேணும். எதுடா பெருசு?"

என்ன பதில் சொல்றது? சாரை விஷமில்லைன்னு கிளாஸ் எடுக்கறதா? அந்த ராத்திரி படிச்சேன். 2000-லேர்ந்து 2019 வரைக்கும் நம்ம நாட்டுல பாம்புக்கடியில சுமார் பன்னெண்டு லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு 2020-ல வந்த ஒரு ஆய்வு. வருஷத்துக்கு சராசரியா 58,000. பெரும்பாலும் கிராமத்துல, வீட்டையும் காட்டையும் ஒட்டித்தான். "பாம்பு வரும்"னு சொல்ற பெரியவங்களைப் பாத்து நாம ஈஸியா சிரிச்சுடறோம். அமெரிக்கப் புரொபசர் புத்தகத்துல இந்த அத்தியாயம் கெடையாது, அவரு ஊர்ல அவருக்குத் தேவையும் இல்ல.

ரெண்டு மாசம் அப்பாவும் நானும் சரியாப் பேசிக்கல. சாப்பாட்டுக்கு உக்காந்தா தட்டைப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருவோம். கடைசியில அப்பத்தாதான் ரெண்டு பேரையும் திட்டுச்சு. "வேலி வாசல்லயாடா இருந்துச்சு? காட்டு ஓரத்துல இருந்துச்சு. வாசலு வழிச்சுவிட்ட மாதிரிதான இருந்துச்சு?" நெசந்தான். பழைய வீட்டைச் சுத்தி சாணி தெளிச்சுக் கூட்டின வெறும் மண்ணு, பாம்பு வந்தா அம்பதடிக்கு அப்பாலயே தெரியும். காடு தனி, வாசல் தனி. நான்தான் போட்டோவுல வர்ற மாதிரி ஜன்னலை ஒட்டியே புதரை வளத்துட்டேன்.

அதனால இப்ப ஏற்பாடு இது. வீட்டைச் சுத்தி இருவதடிக்கு ஒண்ணும் கெடையாது, நானே வாரம் ஒரு தடவை செத்துவேன். வெறகுக் குவியல், ஓட்டுச் சில்லு, எலி வர்ற தீவன மூட்டை எதுவும் வீட்டுப் பக்கத்துல கூடாது. இருட்டினா டார்ச்சும் செருப்பும் கட்டாயம். குழந்தை வந்தா கையப் பிடிச்சுட்டுத்தான் போகணும். அந்தப் பக்கம், கம்பியை ஒட்டி பதினஞ்சடி அகலத்துக்கு என் ராஜ்ஜியம், அங்க மம்பட்டி வரக்கூடாது. அஞ்சரை சென்ட் மிச்சம் பிடிக்கப் போயி, இப்ப பத்து சென்ட் குடுத்திருக்கேன். பொறியாளர்!

2024 அக்டோபர் கடைசியில ஒரு காலையில அப்பத்தா கூப்பிட்டுச்சு. கண் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. "அங்க பாரு சாமி, கிலுகிலுப்பச் செடியில என்னவோ தொங்குது." காஞ்சு போன கிலுகிலுப்பைச் செடி நாலஞ்சு. இலையே தெரியல. கறுப்புல நீலக் கோடு போட்ட பட்டாம்பூச்சிங்க கொத்துக் கொத்தா, ப்ளூ டைகர், நூத்துக்கு மேல இருக்கும். எண்ண ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கற சமயத்துல இதுங்க கிழக்கு மலைகள்லேர்ந்து, அதாவது நம்ம சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலைப் பக்கத்துலேர்ந்து கெளம்பி சமவெளியைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும். போற வழியில கிலுகிலுப்பையைக் கண்டா ஆம்பளைப் பூச்சிங்க எறங்கிரும். தேனுக்கு இல்ல. அந்தச் செடியில இருக்கற ஒரு ரசாயனத்தை உறிஞ்சி, அதுலேர்ந்துதான் பொம்பளைப் பூச்சியை மயக்கற வாசனையைத் தயார் பண்ணும். செண்டு பாட்டில் வாங்கக் கடையில நிக்கற கூட்டம்னு வெச்சுக்கங்களேன்.

அப்பா பின்னாடி வந்து நின்னார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "மூக்கனேரியில இந்த மாதிரி பாத்தேன்"னார். சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் இருக்கற ஏரி. 2010-ல பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவும் சேந்து சீர்பண்ணினது. எடுத்த மண்ணை வெளிய கொண்டு போகாம ஏரிக்குள்ளயே திட்டுத் திட்டா குவிச்சு மரம் நட்டாங்க, பறவை தானா வந்து சேந்துச்சு. அப்பா எப்ப அங்க போனார்னு எனக்குத் தெரியாது. தெரியாத மாதிரியே நின்னுட்டேன்.

மறுநாள் பாத்தா அந்தக் கம்பி வேலியோட மேல் ஆங்கிள்ல, வரிசையா நாலு எடத்துல, கொடி ஏறறதுக்குத் தோதா வளையம் வெல்டு வெச்சிருந்தார். எதுக்குன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. இப்ப அதுல கோவைக்கொடி ஏறியிருக்கு. செம்போத்து ஒண்ணு தினம் காலையில வந்து உள்ள நுழைஞ்சு போகுது. கவுதாரி இன்னும் வரல. பக்கத்துக் காட்டுல கத்தற சத்தம் மட்டும் கேக்கும்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். சேந்தமங்கலம் தாத்தா. நம்பரை எப்பவோ குடுத்து வெச்சிருந்தேன், அவரு கூப்பிட்டது இதான் முதல் தடவை. பசங்க தோட்டத்தைக் குடுத்துட்டாங்களாம். மனை பிரிக்கறாங்களாம்.

"திங்கக்கெழம வண்டி வருது தம்பி. போத்து வேணும்னா அதுக்கு முன்னால வந்து வெட்டிக்க."

"எவ்வளவு எடுத்துக்கட்டுங் தாத்தா?"

"எல்லாமே போவுது. உன்னால எத்தன தூக்க முடியுமோ அத்தன எடுத்துக்க."

கிளுவை மட்டும் இல்ல. அந்த வேலியில நான் எண்ணின பதினொண்ணுல நாலு எனக்குப் பேரே தெரியாது. அப்பத்தாவைக் கூட்டிட்டுப் போனா மோந்து பாத்தே சொல்லிரும். மினி டெம்போ ஒண்ணு சொல்லியிருக்கேன், அப்பா பட்டறைப் பசங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமை விடிய அஞ்சு மணிக்குக் கெளம்பறோம். கதம்பையும் சாக்கும் நனைச்சு எடுத்துட்டுப் போகணும், அருவா சாணை பிடிக்கணும். நனைச்ச சாக்கு மத்த செடி வேருக்குத்தான், கிளுவைக்கு இல்ல. இந்தத் தடவை ஞாபகம் இருக்கு.